பத்து விரல்களும் ஒரு பழைய வழக்கும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பெரியவளுக்கு வேலை கிடைத்த செய்தியை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்; உன்னைச் சின்னப் பெண்ணாகவே நினைத்துக்கொண்டிருப்பவர், நம்பவே இல்லை.

எங்கள் பக்கத்துச் செய்தி இதுதான். ஃபாஸ்டர் பெற்றோர் ஆக விண்ணப்பித்திருக்கிறோம். பெற்றவர்களிடம் இருக்க முடியாமல் போன பிள்ளையை, அந்தக் குடும்பம் நிமிரும் வரை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. தத்து இல்லை, பிள்ளை முடிந்தவரை தன் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். மாடி அறையில் கட்டில் போட்டாயிற்று. லைசென்ஸ்தான் இன்னும் வரவில்லை.

வகுப்பு, மருத்துவச் சான்று, வீட்டைப் பார்வையிடுவது எல்லாம் சீக்கிரம் முடிந்தன. எங்களை உலுக்கியது குற்றப் பின்னணிச் சோதனை. இங்கே அமெரிக்காவில் 1997-ல் வந்த சட்டமே இதைக் கேட்டது. ஆனால் வேண்டாமென்று மாநிலங்கள் ஒதுங்கிக்கொள்ள அதில் வழியிருந்தது. அதை அடைத்தது 2006-ல் ஆடம் வால்ஷ் பெயரில் வந்த சட்டம். ஆடம் ஆறு வயதுப் பையன். 1981 ஜூலை 27 அன்று ஃபுளோரிடாவில் ஒரு கடையிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டான். சரியாக 25 ஆண்டு கழித்து, அதே தேதியில் அந்தச் சட்டம் கையெழுத்தானது. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பத்து விரல் ரேகையும் நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.-க்குப் போகிறது, மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்ற ஊரில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எங்கள் மாநிலத்தில், வீட்டில் இருக்கும் 18 வயது தாண்டிய எல்லோரும் ரேகை தர வேண்டும். அப்பாவும்தான். அச்சகத்தில் முப்பது வருடம் ஈய எழுத்துக் கோத்த கை அது, உனக்குத் தெரியுமே. இரண்டு முறை எடுத்து அனுப்பியும் தெளிவில்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் பெயரை வைத்துத் தேடினார்கள். "நான் யாருன்னு என் கையே சொல்ல மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது என் கணவருடையது. மாணவராக இருந்தபோது, அறைத் தோழனோடு வாய்ச்சண்டை முற்றி, யாரோ போலீஸைக் கூப்பிட்டு, இருவரையும் ஒரு ராத்திரி அழைத்துப் போனார்களாம். வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. எனக்கு அது தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. ரேகை எடுத்த போலீஸ் கைதைப் பதிவுக்கு அனுப்பியிருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தது என்பதை யாரும் அனுப்பவில்லை. இருபது வருடமாக அந்தப் பதிவில் அவர் கைதானவராகவே இருந்திருக்கிறார்! நீதிமன்றத்துக்கு எழுதி, முத்திரையிட்ட நகல் வாங்க ஐந்து வாரம் ஆயிற்று. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எங்கள் கோப்பைப் பார்க்கும் சமூகப்பணியாளர் மட்டும் பொறுமையாகச் சொன்னார்: கைதானதாலேயே ஒருவர் குற்றவாளி இல்லை, ஆனால் முடிவு தெரியாத கைதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை அனுப்ப நான் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி என் கணவரே அப்பாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அப்பா கேட்டது ஒன்றுதான்: "அன்னிக்கு ராத்திரி சாப்பிட ஏதாவது குடுத்தாங்களா?"

இதைவிட என் மனசில் நிற்பது வகுப்பில் பார்த்த ஒரு பாட்டி. மகள் வயிற்றுப் பேரனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத்தான் வந்திருந்தார். அவர் பதிவில் ஒன்றுமில்லை. கூட இருக்கும் மகனுக்கு மூன்று வருடத்துக்கு முன் போதைப்பொருள் வழக்கில் தண்டனை. குழந்தைகளுக்கு எதிரான குற்றம், கணவன் மனைவிக்குள் வன்முறை, பாலியல் வன்கொடுமை, கொலை போன்ற பெருங்குற்றங்களில் தண்டனை பெற்றவர் விண்ணப்பித்தால், எத்தனை வருடமானாலும் கூட்டாட்சி விதிப்படி லைசென்ஸ் கிடையாது. அடிதடியோ போதைப்பொருளோ என்றால் ஐந்து வருடத் தடை. கூட வசிப்பவர் விஷயத்தில் மாநிலம்தான் முடிவு செய்கிறது, இங்கே அதே அளவுகோலை வைத்துவிட்டார்கள். மகனா பேரனா என்று அந்தத் தாய் நிற்க வேண்டியதாயிற்று. மகன் தானாகவே பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டான். பேரனை ராத்திரி தூங்கவைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானாம்.

நான் சோதனை வேண்டாம் என்று சொல்பவள் இல்லை, நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே. பிள்ளைக்குத் தீங்கு பெரும்பாலும் தெரிந்த கையிலிருந்தே வருகிறது. ரேகை எடுக்காமல் ஒருவர் கையிலும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. ஆனால் ரேகை, பிடிபட்டவனை மட்டும்தான் காட்டும். அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்பதை வீட்டில் போய் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும். உறவினர் வீடுகளுக்கு மட்டும் தனி நிபந்தனைகள் வைத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். குற்றப் பின்னணிச் சோதனை அதிலும் உண்டு, இருக்கட்டும். அந்தப் பாட்டி வீட்டுக்கு யாராவது ஒருவர் நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்திருந்தால் நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

எங்களுக்கு இன்னும் ஒரு கடிதம் பாக்கி. கடந்த ஐந்து வருடத்தில் எந்தெந்த மாநிலத்தில் இருந்தோமோ, அங்கெல்லாம் குழந்தைக் கொடுமைப் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு இருந்த மாநிலத்திலிருந்து ஏழு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரம் அப்பா வாசலுக்குப் போய் நிற்கிறார்.

நீ இத்தனை வருடம் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள். முன்பின் தெரியாத வீட்டில் முதல் ராத்திரி படுக்கும் பிள்ளைக்கு விளக்கை எரியவிடுவதா, அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவதா? உனக்குத் தோன்றுவதை எழுது.

அன்புடன்,
உன் விடுதித் தோழி