பின் சீட்டோடு சேர்த்துப் போட்ட கணக்கு

உ
சிவமயம்

காரைக்குடி
ஐப்பசி 28

அன்பு மகன் மெய்யப்பனுக்கு அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாவும் நலம். நீ நலமாய் இருப்பதற்கு எழுது.

ட்ராக்கில் ஓட்டுகிற உன் காருக்கு முன்னால் எட்டு, பின்னால் ஆறு ஸ்பிரிங் போடலாமா என்று ராத்திரி ஒன்றேகால் மணிக்குக் கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இவ்வளவு எழுத எனக்கு விரல் வராது, அதனால் தாளிலேயே எழுதி ஸ்பீட் போஸ்டில் சேர்க்கிறேன். ஒன்றேகால் மணிக்கு முழித்திருந்து ஸ்பிரிங் பார்க்கிற பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எட்டு என்றால் அந்த ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எட்டுக் கிலோ வேண்டும், அவ்வளவுதான். உன் வண்டிக்கு அது சரியா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. எடை போட்டு வா என்று சொன்னதும் லாரி எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு 700, பின் அச்சு 420 என்று அனுப்பினாய். அதுவும் நீ உள்ளே உட்கார்ந்து போட்டிருந்தாய். பாலிடெக்னிக்கில் என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் ஓட்டுகிறவனின் எடையை மறந்துவிடுவார்கள். ஆத்தாவிடம் சொன்னேன். "அவன் யார் பிள்ளை" என்றாள். அவள் தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

இனி கணக்கு. முன்னால் ஒரு சக்கரத்துக்கு 350. அதில் சக்கரம், பிரேக், சக்கரத்தைத் தாங்குகிற நக்கிள் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவது சுமார் 35. மீதி 315 கிலோதான் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் 210-இல் 30 போக 180. அடுத்து, சக்கரம் எவ்வளவு ஏறினால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை 50 மில்லிமீட்டர் தூக்கி அளந்தாயே, முன்னால் ஸ்பிரிங் 47, 48 அமுங்கியது, பின்னால் 40. அதாவது முன்னால் 0.95, பின்னால் 0.8. ஸ்பிரிங்கின் எண்ணை இதால் இரண்டு தடவை பெருக்க வேண்டும், ஒரு தடவை இல்லை. தூரமும் குறைகிறது, விசையும் குறைகிறது. ஆக உன் எட்டு சக்கரத்தில் 7.2 ஆகிறது. உன் ஆறு வெறும் 3.84.

எடையையும் இந்த எண்ணையும் வைத்துப் பார்த்தால் வண்டி முன்னால் விநாடிக்கு 2.4 தடவை, பின்னால் 2.3 தடவை அலையும். கம்பெனியிலிருந்து வருகிற வீட்டு வண்டிகள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும். ரோட்டு டயரோடு ட்ராக்கில் ஓடுகிற வண்டிக்கு 2-ஐ ஒட்டி இருந்தால் தாராளம். 3, 4, 5 என்று போகிறவை இறக்கை வைத்த ரேஸ் வண்டிகள். காற்று அவற்றைத் தரையோடு அமுக்குகிறது, அடி தட்டாமல் இருக்க அவ்வளவு கடினம் வேண்டும். உன் வண்டியில் இறக்கை இல்லை. இருந்தாலும் வேண்டாம்.

கடினமான ஸ்பிரிங் போட்டால் பிடிப்பு கூடும் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடாது. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை போகிறதே, அது வண்டியின் எடை, அந்த எடை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறாய் என்பதைப் பொறுத்தது. உன் வண்டிக்கு நல்ல வளைவில் 350 கிலோ அளவுக்கு வரும். எட்டு போட்டாலும் இருபது போட்டாலும் அந்த 350 போகத்தான் செய்யும். அதில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் ஸ்பிரிங்கின் வேலை. எந்தப் பக்கம் கடினமோ அந்தப் பக்கம் பங்கு கூடும். டயரில் எடை இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைத்துத்தான் தரும். அதனால் பங்கு கூடிய பக்கம் முதலில் நழுவும். உன் வண்டி முன்சக்கரத்தால் ஓடுவது, எடையில் நூற்றுக்கு 62 ஏற்கெனவே முன்னால். அங்கே போய் எட்டைப் போட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளியேதான் போகும். நீ டயரைக் குறை சொல்வாய்.

ட்ராக்கில் ஒரு சுற்றுக்கு உன் நேரம் குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய். கம்பெனி ஸ்பிரிங்கோடேயே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் 3.7 கிலோமீட்டரில் அவ்வளவு குறைத்திருக்கிறாய் என்றால் அது கை, ஸ்பிரிங் இல்லை. அப்பச்சிக்குப் பந்தயம் பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளாதே. நான் படிக்கிற காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். ஐயாவுக்குத் தெரியாமல் போய் வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களெல்லாம் பந்தயம் முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். நீ ட்ராக் இல்லாத வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒர்க் ஷாப்பில்தான் கிடக்கிறாய் போலிருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்குப் போடுகிற படைப்புக்கு வரவில்லை. தீபாவளிக்கு வந்தாய், தனியாக வந்தாய், மறுநாள் விடிவதற்குள் கிளம்பிவிட்டாய். பங்காளிகள் கேட்டதற்கு ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய அந்தப் படம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு எடுத்தது. வெறும் தகரமும் வயரும் தெரிகிறது. பெஞ்சும் சாய்வும் சேர்ந்து எவ்வளவு இருக்கும், 25 கிலோ? உன் டாங்க் 45 லிட்டர். முழு டாங்க்குக்கும் கால் டாங்க்குக்கும் வித்தியாசமே 25 கிலோதான். பெட்ரோலைக் குறைத்துப் போட்டுக்கொண்டு ட்ராக்குக்குப் போ, அதே பலன். அதற்காகச் சீட்டைக் கழற்றுவானேன்? பின்பக்கம் ஏற்கெனவே லேசான வண்டி. இன்னும் லேசாக்கினால் வளைவுக்கு நடுவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் வால் சுற்றிக்கொண்டு வரும். முன்சக்கர வண்டிகளின் பழக்கம் அது. வளைவுக்கு நடுவில் காலை எடுக்காதே. மழைக்காலம் வேறு.

கழற்றிய சீட்டை எங்கே வைத்திருக்கிறாய்? பால்கனியிலா? அங்கே சாரல் அடிக்குமே. பஞ்சு நனைந்தால் அந்த நாற்றம் போகவே போகாது. பிள்ளை சின்னச் சிகப்பியின் சீட்டும் அங்கேதான் கிடக்கிறதா?

தேவகோட்டையில் சம்பந்தி வீட்டில் எல்லாரும் சுகம். போன செவ்வாய்க்கிழமை ஆத்தா சீப்புச் சீடையும் மாவுருண்டையும் எடுத்துக்கொண்டு போனாள், நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். காரை நிழல் பார்த்து நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியிலேயே இருந்துவிட்டேன். சின்னச் சிகப்பி ஓடி வந்து டிரைவர் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நான் இருந்தேன். வளர்ந்திருக்கிறாள், போன கவுன் முழங்காலுக்கு மேலே நிற்கிறது. மீனாள் காருக்கே காபி கொண்டுவந்து கொடுத்தாள். "அவர் சாப்பிடுகிறாரா மாமா" என்று கேட்டாள். சாப்பிடுகிறான் என்றேன். சாப்பிடுகிறாய் அல்லவா? சம்பந்தி ஒன்றும் கேட்கவில்லை. ஆத்தாவும் வாயைத் திறக்கவில்லை, வழியெல்லாம்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

என் யோசனை இது. முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து. சக்கரத்தில் முன்னால் 4.5, பின்னால் 3.2 வரும். உன் எட்டு-ஆறில் முன்பக்கம் பின்பக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு கடினம், இதில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. மூக்கு சொன்னபடி திரும்பும். வளைவில் சாய்வைக் குறைக்க முன்னால் இருக்கிற ஆன்டி ரோல் பாரும், பின்சக்கரங்களை இணைக்கிற பீம் முறுகுவதும் தனிக் கணக்கு, அவற்றை இப்போது தொடாதே. நீ தனியாக ஓட்டும்போது முன்னால் 1.9, பின்னால் 2.1. ட்ராக்குக்கு அது போதும்.

அடுத்து, பின் சீட்டை மாட்டி, அதில் சின்னச் சிகப்பியின் சீட்டைக் கட்டி, அவளை உட்கார வைத்து, மீனாளை முன்னால் உட்கார வைத்து, டிக்கியில் ஒரு பெட்டியும் வைத்துக் கணக்குப் போட்டேன். பின்னால் சக்கரத்துக்கு 50 கிலோ கூடுகிறது, முன்னால் 15. முன்னால் 1.84, பின்னால் 1.86. சரியாக வந்து நிற்கிறது பார். இரண்டு பக்கமும் சமமாகி ஐந்தொகைக் கணக்கு இறங்கினாற்போல. பின்னால் சற்றே வேகமாக இருப்பது ரோட்டுக்கு நல்லது. மாரிஸ் ஆலி என்று ஒரு இன்ஜினியர், ரோல்ஸ் ராய்ஸில் இருந்து அமெரிக்காவுக்குப் போனவர், 1930-களில் காடிலாக் வண்டிகளில் எடையை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி இதைத்தான் பார்த்தார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் சீக்கிரம் அலைந்தால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடாது. பின்னால் உட்காருகிற பிள்ளைக்கு வாந்தி வராது. சின்னச் சிகப்பிக்குத் திருமயம் தாண்டினாலே வரும் என்பது உனக்குத் தெரியும்.

எட்டு-ஆறைப் போட்டு அங்கிருந்து இங்கே 400 கிலோமீட்டர் ஓட்டி வர முடியாது என்று சொல்லவில்லை. நீ வந்துவிடுவாய். மற்றவர்கள் வர முடியாது.

கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்துவிட்டால் போதும் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தாய். ஆறு சுற்றில் ஒன்று போனால் கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், உண்மைதான். ஆனால் அறுத்த நுனி ஸ்பிரிங் கிண்ணத்தில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது இடத்தைவிட்டு விலகும். அந்த வேலையே வேண்டாம். கம்பி தடிமனும் பார்த்து வாங்கு. 12 மில்லிமீட்டர் கம்பிக்கும் 13 மில்லிமீட்டர் கம்பிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் கடினம் 38 சதவீதம் கூடிவிடும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் ஒரு ஸ்பிரிங்கையாவது பிரஸ்ஸில் வைத்து அமுக்கிப் பார்.

ஷாக் அப்சார்பர் பழையது ஆகாது. ஷெட்டில் ஐயாவின் ஆஸ்டின் கார் நிற்கிறதே, அதன் பட்டை ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த உரசல் கிடையாது, முழுக்க ஷாக்கை நம்பி நிற்பது. ஸ்பிரிங் இரட்டிப்பானால் ஷாக்கின் பிடியும் 1.4 மடங்கு வேண்டும். குறைந்தால் வண்டி ட்ராக் ஓரத்துக் கர்ப் மேல் ஏறி இறங்கிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும், டயர் தரையில் முழுதாகப் பதியாது. ஸ்பிரிங்குக்குச் செலவழித்துவிட்டு ஷாக்கில் மிச்சம் பிடிக்கிற புத்தி நம் வீட்டுக்கு உண்டு, எனக்கும் உண்டு, இதில் வேண்டாம். பணம் போதாவிட்டால் ஆத்தாவிடம் சொல். என்னிடம் கேட்க மாட்டாய்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் மாட்டி, சமமாக முறுக்கிக் கழற்று. அமுங்கின ஸ்பிரிங்குக்கு நேரே முகத்தை வைக்காதே. ராத்திரி ஒன்றேகால் மணிக்கு அந்த வேலையைச் செய்யாதே. தனியாகவும் செய்யாதே. யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். மாட்டின பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ட்ராக்கில் இறக்காதே. பின் சீட்டை அதற்கு முன்னாலேயே மாட்டிவிடு, எடை சரியாக இருந்தால்தான் உயரம் சரியாக வரும்.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு வருகிறது. நீ பிறந்ததிலிருந்து நோன்பு தவறியதில்லை, சென்னையில் இருந்த வருஷங்களிலும் நகரத்தார் கூடுகிற இடத்துக்குப் போய், மாவில் வைத்து ஏற்றுகிற நூல் திரியான இழை எடுத்துக்கொண்டாய். கல்யாணம் ஆன பிறகு ஒவ்வொரு வருஷமும் இங்கே நம் வீட்டுப் பட்டாலையில்தான் எடுத்தீர்கள். இழைக்கு நூல் திரிக்க வேண்டும், வீட்டில் எத்தனை பேருக்கு என்று ஆத்தா கேட்கிறாள். என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அவளுக்குப் போன் போட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிடு. வரும்போது தேவகோட்டை வழியாக வந்தால் சுற்று என்று ஒன்றும் பெரிதாக இல்லை.

ஐந்து-ஐந்துக்கு ஆர்டர் போட்டதும் தெரியப்படுத்து.

இப்படிக்கு
அப்பச்சி

பி.கு.: சின்னச் சிகப்பியின் சீட்டு மாட்டுகிற கொக்கிகளும் பின் பெல்ட் போல்ட்டுகளும் ஒரு தடவை கழற்றப்பட்டவை. கைக்கணக்கில் முறுக்காமல் டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு முறுக்கு. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் என்னுடையது இருக்கிறது, பார்சலில் அனுப்புகிறேன்.