பழப்பூச்சியின் இணைசேர்க்கையும் ஒற்றை மரபணுவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் பழப்பூச்சிகளின் இணைசேர்க்கை குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மேல்நிலை வகுப்புகளில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இத்தகைய பொருளுக்கு ஒரு தமிழ் நாளிதழ் இடம் ஒதுக்குவதை மனமார வரவேற்கிறேன். ஆயினும், ஆணின் விருப்பத்தை ஒரே ஒரு மரபணு முடிவு செய்துவிடுகிறது என்று கட்டுரை கூறுவதும், அங்கிருந்து மனிதர்களின் திருமணப் பொருத்தத்திற்கு அதன் கடைசிப் பத்தி தாவிச் செல்வதும், ஆய்வுகள் காட்டியிருப்பதைவிட மிக அதிகமாகும்.

கட்டுரை குறிப்பிடும் மரபணுவின் பெயர் ‘ஃப்ரூட்லெஸ்’. இம்மரபணு பழுதுற்ற ஆண் பூச்சிகள் பெண்களை நாடுவதைப் போலவே ஆண்களையும் நாடுகின்றன என்பதையும், அவற்றுக்குச் சந்ததி உண்டாவதில்லை என்பதையும் 1963இல் குல்பீர் கில் அறிவித்தார். கட்டுரை ஏறத்தாழ இத்துடன் நின்றுவிடுகிறது. சுவையான பகுதியோ இதற்குப் பின்னர்தான் வருகிறது. இம்மரபணு ஆண், பெண் இரண்டிடமும் உள்ளது. பாலினக் குரோமோசோமில்கூட அது அமைந்திருக்கவில்லை, மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. ஒரே துணியிலிருந்து ஒருவருக்குச் சட்டையும் மற்றவருக்குப் பாவாடையும் வெட்டித் தைப்பதைப் போல, அம்மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. ஆணின் உடலில் ஒருவிதமாகவும் பெண்ணின் உடலில் வேறுவிதமாகவும் வெட்டி இணைக்கப்படுகிறது. பெண்ணிடம் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்னும் புரதம் அந்த வெட்டை மாற்றிவிடுவதால், ஆணுக்குரிய ஃப்ரூட்லெஸ் புரதம் அங்கே உருவாவதில்லை. 2005இல் எப்ரு டெமிர், பாரி டிக்சன் ஆகிய இருவரும் இந்த வெட்டு முறையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஆண் முறை வெட்டைப் பெற்ற பெண் பூச்சிகள் பிற பெண்களைப் பின்தொடர்ந்து சிறகை விரித்து அதிர்த்தன; பெண் முறை வெட்டைப் பெற்ற ஆண்களிடமோ பெண்ணை நாடும் நடத்தையே பெரும்பாலும் அற்றுப்போயிற்று.

இச்சோதனை வலுவானது, அதை மறுப்பது என் நோக்கமன்று. ஆனால், அப்புரதம் செய்யும் வேலை என்ன என்று கேட்க வேண்டும். பூச்சியின் நரம்புச் செல்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டில் மட்டுமே அது காணப்படுகிறது. பார்வை, மணம், சுவை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, பெண்ணை நோக்கித் திரும்புவது, பின்தொடர்வது, முன்னங்காலால் தட்டிச் சுவைத்தறிவது, ஒரு சிறகை அதிர்த்துப் பாடுவது, பிறகு ஏற முயல்வது என்ற வரிசையை நடத்தும் நரம்புப் பின்னல் வளர்ச்சிக் காலத்தில் உருவாவதற்கு அது துணை நிற்கிறது. அப்பின்னல் இயங்குவது எப்போது, எதிரில் இருப்பது யார், முன்பு நேர்ந்தது என்ன என்பவை வேறு கேள்விகள்.

அவற்றுக்கு ஆய்வாளர்களே விடையளித்திருக்கிறார்கள். ஆணுக்குரிய ஃப்ரூட்லெஸ் புரதம் அறவே இல்லாத ஆண் பூச்சிகளைத் தனியாக வளர்த்தால் அவை பெண்ணை நாடுவதில்லை. ஆனால் பிற பூச்சிகளுடன் சேர்த்துச் சில நாட்கள் வைத்திருந்தால் அவையும் நாடக் கற்றுக்கொள்கின்றன என்று யுஃபெங் பான், புரூஸ் பேக்கர் ஆகிய இருவரும் 2014இல் காட்டினார்கள். அந்தக் கற்றலுக்கு ‘டபுள்செக்ஸ்’ என்ற மற்றொரு மரபணு தேவைப்படுகிறது. இதற்கு வெகுகாலம் முன்னரே, 1979இல், ஏற்கெனவே இணைசேர்ந்துவிட்ட பெண்ணிடம் முயன்று தோற்ற ஆண், பின்னர் கன்னிப் பெண்ணை எதிரில் விட்டாலும் சில மணி நேரம் ஆர்வம் குன்றியிருப்பதைச் சீகலும் ஹாலும் கண்டறிந்தனர். ஒற்றை மரபணுவே எல்லாவற்றையும் முடிவு செய்வதாயின் இவ்விரண்டும் நிகழ இடமில்லை.

கட்டுரையில் பெண் பூச்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. ஆணின் பாட்டைக் கேட்டு ஏற்பதும் விலக்குவதும் அவளே. இணைசேர்ந்தபின், விந்துடன் அவள் உடலுக்குள் சேரும் ‘பாலினப் பெப்டைடு’ என்ற சிறு புரதம் ஒரு வாரம் போல அவளை அடுத்த ஆணை மறுக்கச் செய்து, முட்டையிடுதலையும் மிகுவிக்கிறது. அதனை உணரும் ஏற்பி 2008இல் அடையாளம் காணப்பட்டது.

சூழலின் பங்கை அறிய நம் மாவட்டமே போதும். 25 டிகிரியில் முட்டை முதிர்பூச்சியாகச் சுமார் 10 நாட்களாகும். 18 டிகிரியில் ஏறத்தாழ இருமடங்கு ஆகும். 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் வளரும் ஆண்கள் பெரும்பாலும் மலடாகிவிடுகின்றன. ஆகவே சித்திரை வெயிலில் சேலத்துப் பள்ளி ஆய்வகத்தில் குப்பியில் வளர்க்கும் பூச்சிகள் பெருகாமல் போகும். அதே பூச்சிகளை ஏற்காட்டில் வைத்தால் மெதுவாகவேனும் பெருகும். மரபணுக்கள் இரண்டு இடத்திலும் அவையேதான்.

மனிதரிடம் இதே பணியைச் செய்யும் ஃப்ரூட்லெஸ் மரபணு ஏதும் கண்டறியப்படவில்லை. எனவே வருங்காலத்தில் ஜாதகத்துடன் மரபணுவையும் பார்த்துப் பெண் கொடுப்பார்கள் என்ற வரி நகைச்சுவைக்காக எழுதப்பட்டிருந்தாலும், அறிவியல் பக்கத்தில் இடம்பெற்றிருக்க வேண்டியதில்லை. ஜாதகம் பார்ப்பவர்கள் ஏற்கெனவே போதுமான தொல்லை கொடுக்கிறார்கள்.

இறுதியாக, கட்டுரையுடன் அச்சாகியிருந்த படம் ஆய்வகப் பழப்பூச்சியின் படமன்று. அது வேறு குடும்பத்தைச் சேர்ந்த மாம்பழ ஈ. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் மிகச் சிறிய பூச்சி டிரோசோஃபிலா. முற்றிய மல்கோவாவின் தோலைத் துளைத்து முட்டையிட்டு, அறுக்கும்போது புழுவைக் காட்டுவது பாக்ட்ரோசெரா. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் படத்தைப் பார்த்தவுடன் இதைக் கண்டுகொண்டிருப்பார்கள். இந்த ஈயின் இணைசேர்க்கையும் எழுதத் தக்கதே. இதன் ஆண்கள், துளசியிலும் காணப்படும் மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருளைத் தேடிச் சென்று உண்டு, பெண்ணைக் கவரும் மணமாக அதை மாற்றிக்கொள்கின்றன. தோப்புகளில் தொங்கும் பொறிகள் இந்த நாட்டத்தையே பயன்படுத்துகின்றன. அப்பொறிகளுக்கு ஆண்கள் மட்டுமே வரும். ஏற்கெனவே இணைசேர்ந்துவிட்ட பெண்கள் தொடர்ந்து முட்டையிட்டுக்கொண்டிருக்கும் என்பதால், காய் முற்றுவதற்கு வெகு முன்பே பொறிகளைக் கட்டுவதும், உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி அழிப்பதும் தேவை. படத்திற்கான திருத்தத்தை வெளியிடுவதுடன், இதைப் பற்றிய கட்டுரையொன்றை மாமரங்கள் பிஞ்சு பிடிக்கும் காலத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.