விக்டோரியா அருவிப் பயணம்: மே 10க்குள் பதில் தேவை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் முன்னாள் மாணவர் குழுவின் விக்டோரியா அருவிப் பயணம் ஜூன் 27 சனிக்கிழமை முதல் ஜூலை 1 வரை நடைபெறும். முதல் நாள் மாலை 5 மணிக்கு ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் நகரில் கூடுகிறோம். ஏப்ரலில் நீர் உச்சத்தில் இருக்கும்போது எழும் தூவானம் அருவியையே மறைத்துவிடும், அக்டோபரிலோ ஜாம்பியக் கரையில் வெறும் பாறைதான் பெரும்பாலும் தெரியும் என்பதால், சுமார் 1,700 மீட்டர் அகலத்துக்கு விழும் ஜாம்பேசி ஆற்றை நன்றாகக் காண ஜூனே ஏற்றது என்று கருதினோம். 29ஆம் தேதி இரவு முழுநிலவு. வானம் தெளிந்திருந்தால் சாரலில் நிலவொளி வானவில்லைக் காணலாம். இதைத் தவறவிட வேண்டாம் என்பது என் அன்பான வேண்டுகோள்.

1. கடவுச்சீட்டு பயணத்துக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.
2. 1905இல் கட்டிய பாலத்தைக் கடந்து ஜிம்பாப்வே கரைக்கும் செல்வதால், இரு நாடுகளின் நுழைவு விதிகளையும் பார்த்துக்கொள்ளவும்.
3. மலேரியாத் தடுப்பு மாத்திரை குறித்து மருத்துவரை இப்போதே கேட்கவும்.
4. மழைச்சட்டை, கைப்பேசிக்கு நீர்புகா உறை, காலைக் குளிருக்குக் கம்பளிச்சட்டை.

வருபவர்களின் எண்ணிக்கையை மே 10 ஞாயிறு இரவு 8 மணிக்குள் இங்கேயே தெரிவிக்கவும். மறுநாள் அறைகளைப் பதிவு செய்கிறோம்.