படத்தைத் திருப்பிப் பார், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? இங்கே மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு முழுக்கச் சத்தமும் சமையலுமாக இருக்கிறது. என் முழங்கால் பழையபடிதான். டாக்டர் நடக்கச் சொல்கிறார், முழங்கால் உட்காரச் சொல்கிறது.

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். உன் மாமனார் வீட்டுப் பரணில் கிடந்த அந்த மலைக்காட்சி ஓவியம் எனக்குப் பிடித்திருக்கிறது. கையெழுத்து இல்லாததால் மதிப்பே இல்லை, சட்டத்துக்கு வேண்டுமானால் காசு தருகிறேன் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னாராமே. அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. உள்ளே பெரிய ஓவியர் யாரோ ஒளிந்திருக்கிறார் என்று ஆசை காட்டவில்லை. அநேகமாக யாருமில்லை. ஆனால் கையெழுத்து இல்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதே. அப்படி முடிவு செய்தவர்களுக்கு உலகப் புகழ்பெற்ற டச்சு ஓவியர் வான்கோ விஷயத்திலேயே சறுக்கியிருக்கிறது. அந்தக் கதையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

1888 ஜூலை. வின்சென்ட் வான்கோ தெற்குப் பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் இருக்கிறார். ஊருக்குச் சற்றுத் தள்ளி மோன்மஜூர் என்று ஒரு குன்று. அதன்மேல் இடிந்துபோன பழைய மடாலயம். அங்கிருந்து தெரியும் சமவெளியைப் பார்ப்பதற்காகவே ஐம்பது முறையாவது போயிருப்பேன் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதுகிறார். ஜூலை 5ஆம் தேதி தம்பி தியோவுக்கு ஒரு கடிதம் போடுகிறார். நேற்றுச் சூரியன் மறையும் நேரத்தில் கற்கள் நிறைந்த ஒரு பொட்டல் காட்டில் இருந்தேன். முறுக்கிக்கொண்டு வளர்ந்த குட்டையான ஓக் மரங்கள், பின்னால் குன்றின்மேல் இடிபாடு, பள்ளத்தாக்கில் கோதுமை வயல் என்று வர்ணித்துவிட்டு, பொன்மழை பெய்தது போலப் புதர்களின்மேலும் தரையின்மேலும் மஞ்சள் வெளிச்சம் கொட்டியது என்கிறார். மார்செய் ஓவியர் மோன்டிசெல்லி என்றால் அவருக்கு உயிர். இந்தக் காட்சி அப்படியே மோன்டிசெல்லி வரைந்தது போல இருந்தது, வேட்டை முடிந்து குதிரையில் திரும்பும் பிரபுக்கள் திடீரென்று எதிரே வந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன் என்று குஷியாக எழுதுகிறார். கடைசியில், இதை ஒரு படமாக வரைந்துகொண்டு வந்தேன், ஆனால் நினைத்த அளவுக்கு அது வரவேயில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அவருக்கே திருப்தியில்லாத படத்தில் கையெழுத்தை எங்கே தேடுவது? அவர் கையெழுத்துப் போடாத படங்கள் ஏராளம், மாப்பிள்ளை.

படம் பாரிசில் இருந்த தியோவிடம் போய்ச் சேர்ந்தது. 1890 ஜூலையில் வின்சென்ட் இறந்தார், ஆறே மாதத்தில் தியோவும் போய்விட்டார். அந்த 1890இலேயே, தியோவின் மனைவி ஜோவின் அண்ணன் ஆந்த்ரீஸ் போங்கர் உட்கார்ந்து, வீட்டில் இருந்த ஓவியங்களுக்கெல்லாம் எண் போட்டு ஒரு பட்டியல் எழுதினார். பிற்பாடு இன்ஷூரன்ஸ் தொழில் பார்த்த மனுஷர், கணக்கு வழக்கில் கறார். அந்தப் பட்டியலில் 180ஆம் எண்: 'ஆர்லில் சூரிய அஸ்தமனம்'. அந்த எண் படத்தின் முதுகிலும் எழுதப்பட்டது. இந்த 180ஐ ஞாபகம் வைத்துக்கொள்.

1901இல் ஜோ அந்தப் படத்தை மொரிஸ் ஃபாப்ர் என்ற பிரெஞ்சுக்காரருக்கு விற்றார். அப்புறம் 1908இல் க்ரிஸ்டியன் நிக்கோலாய் மஸ்டாட் என்ற நார்வே நாட்டுத் தொழிலதிபர் அதை வாங்கினார். மஸ்டாட் என்றதும் உனக்குச் சட்டென்று பொறி தட்டியிருக்குமே. ஆமாம், தூண்டில் முள் பெட்டியில் இருக்கும் அதே மஸ்டாட் குடும்பம்தான். கண்மாய்க் கரையில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நீ ஒரு முள்ளுக்காக என்னோடு சண்டை போட்டவன், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மஸ்டாட் ஓவியம் சேர்க்கத் தொடங்கிய புதிதில் வாங்கிய படம் அது. ஆசையாக வீட்டில் மாட்டியிருந்தார். ஒருநாள் விருந்தாளியாக வந்த ஒரு பிரெஞ்சு ராஜதந்திரி பார்த்துவிட்டு, இது வான்கோ இல்லையே, போலி மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டாராம். அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை இது. மஸ்டாட்டுக்கு மானம் போய்விட்டது. படம் நேரே பரணுக்குப் போனது. அவர் 1970இல் சாகும்வரை அதை மறுபடி கண்ணில் காட்டவில்லை என்கிறார்கள். எனக்கு அந்த விருந்தாளியைவிட மஸ்டாட் மேல்தான் கோபம். காசு கொடுத்து வாங்கியவர் வந்தவன் பேச்சை நம்பினாரே ஒழிய, படத்தைத் திருப்பிப் போட்டு முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது விசாரித்தாரா?

அவருக்குப் பின் படம் வேறு கைக்கு மாறியது. 1991இல் உரிமையாளர்கள் அதை ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். கையெழுத்து இல்லை, வான்கோ வரைந்ததாகத் தெரியவில்லை என்று அங்கேயும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உலகத்தில் வேறு யாரிடம் போய்க் கேட்பது, சொல்!

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஜூலை 5ஆம் தேதிக் கடிதத்தை எல்லோரும் படித்திருந்தார்கள்தான். ஆனால் அதில் சொல்லப்படும் படம் 'பாறைகள்' என்ற இன்னொரு ஓவியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அமெரிக்காவில் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே வட்டாரம், அதே மாதம். ஒரே குறை, அதில் இடிபாடு இல்லை. கடிதத்தில் இருக்கும் இடிபாடு படத்தில் ஏன் இல்லை என்று யாராவது அழுத்திக் கேட்டிருந்தால் கதை சீக்கிரமே முடிந்திருக்கும்.

2011இல் படம் மறுபடி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தது. இந்தத் தடவை நிலைமை வேறு. வான்கோவின் கடிதங்கள் முழுவதும் குறிப்புகளோடு 2009இல் வெளிவந்துவிட்டன. ஆய்வுக் கருவிகளும் வளர்ந்திருந்தன. லூயி வான் டில்போர்க், தெய்யோ மேடன்டார்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டினார்கள். பெயின்டில் உள்ள நிறமிகள் அவர் ஆர்லில் பயன்படுத்திய அதே நிறமிகள். துணியும், அதன்மேல் பூசிய அடிப்பூச்சும் 'பாறைகள்' படத்தில் இருப்பது போன்றவையே. படத்தில் இடது பக்கம் தூரத்தில் மோன்மஜூர் இடிபாடு தெரிகிறது. அப்புறம் முதுகில் அந்த 180. போங்கரின் பட்டியலோடு கச்சிதமாகப் பொருந்தியது.

2013 செப்டம்பர் 9ஆம் தேதி 'மோன்மஜூரில் சூரிய அஸ்தமனம்' வான்கோ வரைந்ததுதான் என்று அறிவித்தார்கள். 93க்கு 73 சென்டிமீட்டர், நல்ல பெரிய படம். அந்த அளவில் அவருடைய ஓவியம் ஒன்று புதிதாகக் கிடைத்தது 1928க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதே மாதம் அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள், மக்கள் போய்ப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லட்டுமா? படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முன்னால் இருக்கும் புதரும் கல்லும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. வானம் நன்றாக இருக்கிறது. ஏதோ புதிதாக முயன்று பார்த்திருக்கிறார், முழுசாகக் கைகூடவில்லை. நினைத்த அளவுக்கு வரவில்லை என்று அவரே எழுதியதும் இதைத்தான் போலிருக்கிறது. 'பெரிய ஓவியர் வரைந்தால் இப்படியா இருக்கும்' என்று சந்தேகப்பட்டவர்களின் கண்ணில் கோளாறு இல்லை. பெரிய ஓவியர் சுமாராகவும் வரைவார் என்பதைத்தான் அவர்கள் யோசிக்கவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய எல்லாப் போட்டோவும் முன்பக்கம்தான். படத்தை மெதுவாகக் கழற்றி, மெத்தைமேல் கவிழ்த்து வைத்துப் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் எடு. துணியிலோ மரச்சட்டத்திலோ முத்திரை, எண், பழைய லேபிள், பென்சில் கிறுக்கல் எது இருந்தாலும் கிட்டத்தில் எடு. அந்தக் காலத்தில் லண்டனில் ஓவியத் துணி விற்ற கடைகள் முதுகில் முகவரியோடு முத்திரை குத்துவது வழக்கம். கடை எந்த வருஷம் எந்தத் தெருவில் இருந்தது என்று தெரிந்தால் படத்தின் வயதை ஓரளவுக்குப் பிடித்துவிடலாம். அழுக்கைப் போக்குகிறேன் என்று ஈரத்துணி, சோப்பு, உருளைக்கிழங்கு வைத்தியம் எதுவும் வேண்டாம். தங்கச்சியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவை, அவளுக்குத் துடைக்காமல் இருக்க முடியாது.

இன்னொன்று. உன் மாமனார் அந்த எஸ்டேட் பங்களாவில் சாமான் ஏலம் எடுத்தபோதுதான் படமும் வந்தது என்றாயே, அந்த ஏலச் சீட்டு இருக்கிறதா? பழைய இரும்புப் பெட்டியில் தேடிப் பார். துரை யார், எந்த வருஷம் ஊருக்குக் கப்பலேறினார் என்று அத்தையிடம் இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள். அவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது, தள்ளிப்போடாதே.

பின்பக்கப் போட்டோ வந்ததும் எழுதுகிறேன். பேரனோ பேத்தியோ பிறந்ததும் போன் செய்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை