சான்றிதழ் விழாவைத் தள்ளி வையுங்கள்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், ஆலய நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும்,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள்.

போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசித்தபோது, நம் சபையின் தையல் பயிற்சி மையத்தில் அடுத்த குழுவுக்குச் சான்றிதழ் வழங்கும் விழா இந்த மாதக் கடைசியில் நடக்கும் என்று சொன்னீர்கள். சிறப்பு விருந்தினர் வருகிறார், மதியம் சாப்பாடு உண்டு, குடும்பமாக வாருங்கள் என்றும் சொன்னீர்கள். அந்த விழாவைத் தள்ளி வையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தனியாகப் பேசிப் பார்த்தேன். "பார்க்கலாம்மா" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அதனால் சபையார் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது. கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மையத்தின் நிலைமை உங்களுக்குப் புதிதில்லை. இருப்பதெல்லாம் கால் மெஷின். அதிலும் பாதிக்கு பெல்ட் அறுந்து கிடக்கிறது. சிலவற்றில் அடிநூல் வைக்கும் பாபின் கேஸ் கிடையாது, ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் போட்டுத் தைக்கிறார்கள். டீச்சருக்கு மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் போகாததால் யாரும் நிலைப்பதில்லை. டீச்சர் இல்லாத நாட்களில் பெண்கள் பாட்டுப் பாடி, ஜெபித்து, வீட்டுக்குப் போகிறார்கள். ஆறு மாதம் முடிந்ததும் சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

நான் பர்கூர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

போன குழுவில் சான்றிதழ் வாங்கிய ஒரு தங்கச்சி. மத்தூர் பக்கம் கிராமம். வீட்டுக்காரர் குவாரியில் அடிபட்டுப் படுத்த பிறகு குடும்பமே அவள் கையில்தான். மாங்காய் சீசனில் மாங்கூழ் தொழிற்சாலையில் பழம் தரம் பிரிக்கப் போவாள், சீசன் முடிந்தால் களையெடுப்புக்கு. டெய்லர் வேலை கிடைத்தால் வருஷம் முழுக்கச் சம்பளம் வரும், இ.எஸ்.ஐ. இருந்தால் வீட்டுக்காரருக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்று நம்பித்தான் நம் மையத்தில் சேர்ந்தாள். ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை என்று உங்கள் வருகைப் பதிவேடே சொல்லும்.

எங்கள் கம்பெனியில் டெய்லர் வேலை கேட்டு வருகிறவர்களை முதலில் மெஷினில் உட்கார வைத்து, ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, நேராக ஒரு தையல் போடச் சொல்வார்கள். அது பவர் மெஷின். நிமிடத்துக்கு 4000 தையலுக்கு மேல் ஓடக்கூடியது, பெடலைத் தொட்டாலே துணியை இழுத்துக்கொண்டு போகும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை முழங்காலால் தூக்க வேண்டும். இதில் எதையும் அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கால் மெஷின் பழக்கத்தில் வலது கையைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு காலாலும் ஊன்றி மிதித்தாள். துணி ஒரு பக்கமாக ஓடியது. ஊசி உடைந்தது.

கார்மெண்ட்ஸில் ஊசி உடைந்தால் அதை லேசில் விட மாட்டார்கள். ஒரு சின்னத் துண்டு துணிக்குள் போய்விட்டாலும், எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்தும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். அந்தத் தங்கச்சி மெஷினுக்கு அடியில் மண்டி போட்டு, காந்தத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஊசி முனையைத் தேடினாள். பக்கத்து லைனில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் மேல் பிளாஸ்டிக் கவரில் நம் சபையின் சான்றிதழ் இருந்தது. சீல், கையெழுத்து, மேலே ஒரு வேத வசனம். இன்சார்ஜ் அதை எடுத்து முழுவதும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கடைசியில் நூல் வெட்டும் ஹெல்பர் வேலைதான் கிடைத்தது. டெய்லர் சம்பளத்தைவிடக் குறைவு. டீ நேரத்தில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சபையில நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்கக்கா, எனக்குத்தான் ஏறல" என்றாள்.

ஐயா, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல். ஆறு மாதம் பஸ் பிடித்து வந்தவளுக்கு நாம் தையல் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளை நம்பியதால், குறை தன்னிடம்தான் என்று அவள் நினைக்கிறாள். சான்றிதழே கொடுக்காமல் அனுப்பியிருந்தால் "இன்னும் கத்துக்கணும்" என்றாவது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் கேட்கிறேன், விழாவைத் தள்ளி வையுங்கள்.

சான்றிதழ் இருந்தால் அரசாங்கத்தின் இலவசத் தையல் மெஷின் கிடைக்குமே என்று நிர்வாகக் குழுவில் ஓர் அண்ணன் சொன்னார். உண்மைதான். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அந்தத் திட்டம் இருக்கிறது, தையல் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். தையல் தெரிந்தவளுக்கு அந்த மெஷின் சோறு போடும் என்று நம்பித்தான் கேட்கிறார்கள். ஒரு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து வெட்டத் தெரியாதவள் வீட்டில் அது என்ன செய்யும்? அரசாங்கத்திடமும் நம் சீல் ஒரு வாக்கைக் கொடுக்கிறது. அந்த வாக்கு உண்மையாக இருக்க வேண்டாமா?

இன்னொரு பதிலும் வந்தது. "குறை இருக்கலாம்மா, ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார்." இதைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு ஆறவே இல்லை.

அந்த வசனம் முதலாம் சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த ராஜாவைத் தேடிப் போன சாமுவேல் தீர்க்கதரிசி, ஈசாயின் மூத்த மகனுடைய முகத்தையும் உயரத்தையும் பார்த்து மயங்கியபோது சொல்லப்பட்டது. அரைகுறை வேலையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே வாருங்கள். சவுல் ராஜாவுக்காகச் சுரமண்டலம் வாசிக்க ஆள் தேடும்போது, ஈசாயின் இளைய மகன் தாவீதைப் பற்றி ஒரு வேலைக்காரன் முதலில் சொல்வது அவன் வாசிப்பதில் தேறினவன் என்பதைத்தான். பிறகு காரியசமர்த்தன் என்கிறான். கர்த்தர் அவனோடு இருக்கிறார் என்பது கடைசியில் வருகிறது. கர்த்தர் பார்த்த அந்த இருதயம், ஆடு மேய்த்துக்கொண்டே விரல் தேயத் தேயப் பழகியிருக்கிறது. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடார வேலைக்கு அழைத்த கைவினைஞன் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்கிறார். எதற்கு? பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்ய, கல் வெட்ட, மரம் செதுக்க. கைவேலைக்கு.

மையத்தின் திறப்பு விழாவில் தொற்காளைப் பற்றி அருமையாகப் பிரசங்கித்தீர்கள் ஐயா. எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் இறந்தபோது யோப்பா பட்டணத்து விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். நம் மையத்திலிருந்து போன பெண்கள் நாளைக்கு யாரிடம் எதைக் காட்டுவார்கள்?

நமக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே ஓடுகிறோம்? வேலூர் சி.எம்.சி.க்கு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், பிரசவத்தில் பெண்கள் செத்துப்போவதைக் கண்டு மனம் உருகியதோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து, 1899ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய பிறகுதான் திரும்பி வந்து ஊழியத்தைத் தொடங்கினார். 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, அவருடைய மாணவிகளும் அரசாங்கப் பரீட்சையை எழுதித்தான் டாக்டர் ஆனார்கள். ஊழியத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று யாரும் மதிப்பெண் கூட்டிப் போடவில்லை. அதே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தினார். அவர்கள் காலில் உணர்வில்லாமல் புண் வருகிறது என்று, எந்த ரப்பரில் செருப்பு செய்தால் பாதம் புண்ணாகாது என்பதுவரை அவரும் கூட இருந்தவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். யாரும் தொடக்கூட அஞ்சிய மனிதர்களின் செருப்புக்கு அவ்வளவு உழைப்பு. மிஷனெரி ஞாயிறு அன்று இவர்களுடைய கதைகளைக் கேட்டு நாம் கண் கலங்குகிறோம். அவர்கள் வேலை பார்த்த விதத்தை மட்டும் வேலூரிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993ல் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அது எந்தச் சபையின் ஊழியமும் இல்லை. அதிகம் படிக்காத மலைவாழ் பெண்களையே தேர்ந்த சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்களுடைய ஊசி வேலை இன்றைக்கு வெளியூர்களில் விற்பனையாகிறது. பரிதாபப்பட்டு வாங்குகிறார்கள் என்றால் ஒரு தடவை வாங்குவார்கள். வேலை சுத்தமாக இருப்பதால் தொடர்ந்து வாங்குகிறார்கள். நம்மைவிட வசதி குறைந்த இடத்தில் அது முடிந்திருக்கிறது.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள், தயவு செய்து. போன வருஷம் ஆலயத்துக்குப் புது ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கினோம். நானும் காணிக்கை கொடுத்தேன். ஆண்டு விழாவுக்கு மெயின் ரோடு வரைக்கும் பேனர் கட்டினோம். ஒரு மெஷின் பெல்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று உங்களில் யாராவது விசாரித்தீர்களா? ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்றால் அடுத்த ஞாயிறுக்குள் ஆள் வந்து சரி பார்க்கிறார். பெல்ட் அறுந்தால் மாதக்கணக்கில் கிடக்கிறது. ஸ்பீக்கர் நம் காதுக்குக் கேட்கிறது, பெல்ட் ஏழைப் பெண்ணுக்கு வேண்டியது. வித்தியாசம் அவ்வளவுதான். குருடும் முடமுமான ஆட்டைப் பலி கொடுக்கிறீர்களே, அதை உங்கள் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள் என்று மல்கியா தீர்க்கதரிசி கேட்டது இதைத்தான். நம் வீட்டுப் பெண்ணை இந்த மையத்துக்கு அனுப்புவோமா? நிர்வாகக் குழுவில் இருக்கும் யார் வீட்டுப் பிள்ளையும் அங்கே படிக்கவில்லை.

இது தையல் மையத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஒன்பது மணி ஆராதனை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. பாடகர் குழு பழகாமலேயே வந்து நிற்கிறது. வேலை இடத்திலும் இதே பழக்கம்தான் வருகிறது. ஜெபக்கூட்டத்துக்குப் போகணும் என்று ஷிஃப்ட் முடியும் முன்பே கிளம்பி, மிச்ச பீஸைப் பக்கத்தில் இருப்பவள் தலையில் கட்டிவிட்டுப் போகும் நம் ஆட்களை நான் பார்க்கிறேன். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது அடிமைகளுக்கு. பெருக்கித் துடைத்து, சுமை தூக்கி, பிறர் வயலில் உழைத்தவர்களுக்கு. அவர்களுடைய வேலையே கர்த்தருக்குப் போய்ச் சேருகிறது என்றால், என் மேஜைக்கு வரும் காலர் தையலும் சேருகிறது. யாரும் திருப்பிப் பார்க்காத உள்பக்கத் தையலை நான் திருப்பிப் பார்ப்பது அந்த ஒரு வசனத்தால்தான். கம்பெனியில் துணிக்குச் செய்வதை ஆலயத்தில் மனுஷிக்குச் செய்ய மாட்டோமா?

சரி, விஷயத்தை விட்டு விலகிவிட்டேன். பணிவோடு கேட்பது இதுதான்.

இந்த மாத விழாவைத் தள்ளி வையுங்கள். இப்போது இருக்கும் குழுவுக்குப் பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டுங்கள். பழைய பவர் மெஷின்கள் ஓசூரிலும் திருப்பூரிலும் விலைக்குக் கிடைக்கின்றன, இரண்டையாவது வாங்குங்கள். டீச்சருக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுங்கள், போதகர் ஐயாவின் சம்பளம் தள்ளிப் போவதில்லையே. சான்றிதழ் கொடுக்கும் முன் சபைக்கு வெளியே இருந்து ஒரு தையல்காரரையோ கம்பெனி இன்சார்ஜையோ அழைத்து, ஒவ்வொரு பெண்ணையும் தைக்கச் சொல்லிப் பாருங்கள். தைக்க வராதவர்களுக்கு மறுபடி கற்றுக்கொடுங்கள். ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிப் போனவர்களையும் திரும்பக் கூப்பிடுங்கள், மத்தூர் தங்கச்சியை முதலில். ஹெல்பராக இருந்தே டெய்லர் ஆனவர்கள் எங்கள் லைனிலேயே இருக்கிறார்கள். அவளுக்குப் பவர் மெஷின் மட்டும் கைவந்தால் போதும்.

வார விடுமுறை நாட்களில் நானும் எங்கள் கம்பெனி அக்காமார் இரண்டு பேரும் வந்து சொல்லித்தரத் தயாராக இருக்கிறோம். அதைக் காரணம் காட்டி டீச்சரை நிறுத்திவிட வேண்டாம். ஒன்றும் செய்ய முடியாது என்றால் மையத்தை மூடிவிடுங்கள், அதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெண்கள் வேறு இடத்தில் கற்றுக்கொள்வார்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை என்று அறிகிறேன். அதில் இந்த மடலை வாசித்து, முடிவை ஞாயிறு அறிவிப்பிலேயே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். சிறப்பு விருந்தினருக்கு அழைப்பிதழ் போவதற்குள் சொன்னால் எல்லோருக்கும் நல்லது.

கர்த்தருக்குள்,
உங்கள் சபையின் ஒரு சகோதரி,
கிருஷ்ணகிரி மாவட்டம்.