பழைய பிளாக்கைப் புதிய சிப்பில் வைக்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இனி எந்தப் புதிய சிப் வேலையைத் தொடங்கினாலும், ஆர்டிஎல் கோப்புகளோடு (சிப்பின் வடிவமைப்பை விவரிக்கும் நிரல்) அவற்றின் லைசன்ஸ் ஒப்பந்தங்களையும் முதலிலேயே கேட்டு வாங்கப் போகிறோம். "போன சிப்பில் ஓடிய பிளாக்தானே, அப்படியே எடுத்துப் போடுங்கள்" என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. பிளாக் என்றால், சிப்புக்குள் ஒரு தனி வேலையைச் செய்யும் ஆயத்தப் பகுதி. ஏன் அப்படிப் போட முடியாது என்று விளக்கத்தான் இந்த மடல்.

யுஎஸ்பி கன்ட்ரோலர் போன்ற ஒரு பிளாக்குக்குப் பணம் கட்டினால் அது உங்கள் சொத்தாகிவிடாது. கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே, அதுவும் எல்லை போட்டு. பல ஒப்பந்தங்கள் ஒரே ஒரு சிப்புக்கு மட்டும் செல்லும். சில, குறிப்பிட்ட ஃபவுண்டரியையும் (சிப் தயாரிக்கும் ஆலை) நோடையும் (தயாரிப்புத் தொழில்நுட்பத்தின் தலைமுறை) தாண்டக் கூடாது என்று சொல்லும். வாடகை வீட்டை உள்வாடகைக்கு விட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமல்லவா? எங்களைப் போன்ற வெளி நிறுவனத்திடம் பிளாக்கின் மூல நிரலான சோர்ஸைக் கொடுப்பதற்கும் அப்படி ஓர் அனுமதி தேவைப்படலாம். பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இந்த வரியைத்தான்.

நிறுவனம் கைமாறினால் லைசன்ஸும் கூடவே வருமா? மொபைல் சிப் நிறுவனமான குவால்காம் 2021இல் சுமார் 140 கோடி டாலருக்கு, ப்ராசசர் வடிவமைக்கும் நுவியா நிறுவனத்தை வாங்கியபோது எழுந்த கேள்வி இது. தன் சம்மதமின்றி நுவியாவின் லைசன்ஸைக் குவால்காமுக்கு மாற்ற முடியாது என்று, ப்ராசசர் தொழில்நுட்பத்தை லைசன்ஸுக்குத் தரும் ஆர்ம் நிறுவனம் 2022இல் டெலவரில் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் ஜூரி, குவால்காமின் சிப்கள் ஆர்மிடம் அது வைத்திருந்த சொந்த லைசன்ஸுக்குள் அடங்கும் என்றது. ஜெயித்தது குவால்காம்தான். ஆனாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதன் புதிய ப்ராசசர்கள் மீது வழக்கு நிழலாடியது. அவ்வளவு பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். உங்களாலும் எங்களாலும் முடியாது.

ஓப்பன் சோர்ஸ்தானே, கவலை இல்லை என்பது இன்னொரு நம்பிக்கை. திறந்த ப்ராசசர் தரநிலையான ரிஸ்க்-ஃபைவில், ப்ராசசர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுப்புக்குத்தான் யாரிடமும் லைசன்ஸ் வாங்க வேண்டாம். அதை வைத்து ஒருவர் எழுதிய கோருக்கு, அதாவது ப்ராசசர் டிசைனுக்கு, அவர் வைத்ததே நிபந்தனை. ஐஐடி மெட்ராஸின் சக்தி கோர்கள் நிபந்தனை குறைந்த பிஎஸ்டி லைசன்ஸில் வருகின்றன. பதிப்புரிமை (காப்பிரைட்) அறிவிப்பைச் சேர்த்துக் கொடுத்தால் வணிகச் சிப்பிலும் தாராளமாக வைக்கலாம். லியான்3 என்ற ப்ராசசர் கோர் அப்படியல்ல. ஜிபிஎல் என்ற கறாரான ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸில் இலவசமாக எடுத்தால் உங்கள் சொந்த ஆர்டிஎல்லையும் வெளியிட வேண்டிய நிலை வரலாம். மூடி வைக்க விரும்பினால் அதன் வணிக லைசன்ஸைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வு மையமான செர்ன் 2020இல் வெளியிட்ட ஹார்டுவேர் லைசன்ஸிலோ ஒரே பெயரில் மூன்று வகைகள்: ஒன்று தாராளம், ஒன்று நடுத்தரம், ஒன்று கறார். கோப்பின் தலைப்பில் இருக்கும் ஓர் எழுத்தில்தான் வித்தியாசம். அந்தத் தலைப்பு வரிகளை யாரும் அழித்துவிட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறோம்.

அப்புறம், வீடியோவைச் சுருக்கும் எச்.264 போன்ற தொழில்நுட்பத்துக்கான பிளாக்குகள். பிளாக்கை விற்றவர் தன் டிசைனுக்குத்தான் லைசன்ஸ் தருகிறார். அந்தத் தொழில்நுட்பத்தின் பேட்டன்ட்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள ஐபி (லைசன்ஸில் வாங்கும் டிசைன்) என்றால், வெளிநாட்டுக் குழுவுக்குக் கோப்பை அனுப்பும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எங்கள் பக்கம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவேடு வைக்கிறோம். பிளாக், பதிப்பு எண், தந்தவர், எந்தச் சிப்புக்கு, எந்த நோடுக்கு, ராயல்டி உண்டா, யார் யார் கோப்பைத் திறக்கலாம், எல்லாம் அதில் இருக்கும். கோப்பின் கைரேகை போன்ற எண்ணான ஹேஷையும் குறித்துக்கொள்வோம். பின்னால் யாராவது அதில் கைவைத்தால் தெரிந்துவிடும். டேப்அவுட்டுக்கு (முடிந்த டிசைனைத் தயாரிப்புக்கு அனுப்புவது) முன் லேஅவுட்டில் உள்ள ஐபி அடையாளக் குறிகளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்போம். பொருந்தாத பிளாக் ஒன்று இருந்தாலும் இறுதி வரைபடமான ஜிடிஎஸ் கோப்பை ஃபவுண்டரிக்கு அனுப்ப மாட்டோம். சிப்பை அச்சிட உதவும் தகடான மாஸ்க்கைச் செய்த பிறகு பிளாக்கை மாற்றுவது என்றால் மாஸ்க் செலவு மறுபடியும் உங்கள் தலையில்தான் விழும்.

இதனால் தொடக்கத்தில் சில நாட்கள் கூடுதலாகும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒப்பந்தத்தை அனுப்பும்போது விலை விவரங்களை மறைத்துவிட்டே அனுப்பலாம், உரிமை வரம்புகள் உள்ள பக்கங்கள் போதும். பழைய ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்றால் பிளாக்கின் பெயரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் சொல்லுங்கள். விற்றவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம், உங்கள் கையெழுத்தில் அது போகட்டும்.

இப்படிக்கு,
வடிவமைப்புக் குழு