டெமோ அறையில் ஏன் காதல் பாட்டுப் படம் போடுகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிவி, புரொஜெக்டர் பார்க்க நம் கடைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "ஏனுங்க, எப்ப வந்தாலும் இந்த இங்கிலீஷ் காதல் படந்தானா? ஒரு சண்டைப் படம் போட்டுக் காட்டுங்களேன்." நியாயமான கேள்விதான். கடையில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு பதில் சொல்லி முடிவதில்லை என்பதால் இந்த மடல்.

நாங்கள் போடுவது 2001-இல் வந்த 'மூலான் ரூஜ்'. இயக்கியவர் ஆஸ்திரேலியாக்காரரான பாஸ் லுர்மன். கதை நடப்பது 1900-ஐ ஒட்டிய பாரிஸில், ஆனால் பெரும்பாலும் எடுத்தது சிட்னி ஸ்டுடியோவில் போட்ட செட்டுகளில். கலை இயக்கத்துக்கும் உடையலங்காரத்துக்கும் ஆஸ்கர் வாங்கியது. இயக்குநரின் மனைவி கேத்தரின் மார்ட்டினுக்கு அந்த இரண்டிலும் பங்கு உண்டு.

முதலில் கடைக்காரர் கணக்கில் ஒரு காரணம். சண்டைப் படத்தில் எல்லாம் வேகமாக ஓடும், சத்தம் காதை அடைக்கும். அதில் நிறத்தின் குறை சட்டென்று கண்ணில் படாது. இந்தப் படத்தில் கதாநாயகி நிக்கோல் கிட்மன் ஒரு சிவப்பு சாட்டின் கவுனில் வருவார். நிறங்களைத் தூக்கலாகக் காட்டும் 'விவிட்' மோடில் டிவியை வைத்துப் பார்த்தால் அந்தத் துணியின் மடிப்புகளெல்லாம் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். சினிமா மோடுக்கு மாற்றுங்கள்: மடிப்பின் உள்பக்கம் கருஞ்சிவப்பு, மேட்டில் மட்டும் ஒரு பளபளப்பு, அதற்குப் பக்கத்திலேயே தோளின் வெளுத்த நிறம். பட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஊர் நம் சேலம். இந்த வித்தியாசத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒலியும் அப்படித்தான். பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ரா முழங்கும்போது முன்னால் ஒரு குரல் மெதுவாகப் பாடும். அந்தக் குரல் அமுங்கிப்போனால், டிவியோடு வைக்கும் அந்த நீள ஸ்பீக்கர், அதாவது சவுண்ட்பார், உங்களுக்கு வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

இது பாதிக் காரணம்தான். மீதி, அந்தப் படத்தின் மேல் எங்களுக்கு இருக்கிற பிரியம்.

"செட்டும் ஜிகினாவும்தானே, கதை என்ன இருக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கதை எளிமையானதுதான். ஏழை எழுத்தாளனுக்கும், கேளிக்கை விடுதியில் ஆடிப்பாடிப் பிழைக்கும் பெண்ணுக்கும் காதல். குறுக்கே பணக்காரப் பிரபு ஒருவன். ஆனால் படம் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். நிறம் வற்றிப்போன ஒரு அறையில் எழுத்தாளன் தனியாக உட்கார்ந்து டைப் அடிக்கிறான். தான் காதலித்தவள் இறந்துவிட்டாள் என்று அப்போதே சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகு நாம் பார்ப்பதெல்லாம் அவன் நினைவு. தொங்கும் ஊஞ்சலில் வெள்ளி மினுங்க அவள் மேலிருந்து இறங்குவது, ஆயிரம் விளக்கு எரியும் காற்றாலை, தோட்டத்து நடுவில் வீடு அளவுக்கு நிற்கும் யானை வடிவக் கட்டடம் எல்லாமே இழந்தவன் மனதில் பெருத்து நிற்கிற காட்சிகள். செத்துப்போனவர்களை நினைக்கும்போது அவர்கள் கட்டியிருந்த புடவையின் நிறம் இருந்ததைவிடப் பளிச்சென்று நினைவுக்கு வருகிறதே, அதுதான் இந்தப் படத்தின் பகட்டு. அந்த நிறங்களை எடுத்துவிட்டால் அவனுடைய துக்கமும் போய்விடும்.

எங்கள் டெமோவில் நாங்கள் நிறுத்தாமல் ஓடவிடும் காட்சி ஒன்று உண்டு. அந்த யானையின் உச்சியில் இருவரும் நிற்கிறார்கள். அவன் ஊரறிந்த காதல் பாட்டுகளிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து விடுகிறான். அவள் ஒவ்வொன்றையும் பாட்டாலேயே மறுக்கிறாள். சுத்தமான எசப்பாட்டு! மறுத்துக்கொண்டே வந்தவளின் குரல் ஒரு இடத்தில் அவன் குரலோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. வசனத்தில் சொன்னால் அரை மணி நேரம் ஆகியும் நம்ப மாட்டோம். பாட்டில் சில நிமிடத்தில் நம்பிவிடுகிறோம். கிட்மனும், எழுத்தாளனாக நடித்த இவான் மெக்ரெகரும் சொந்தக் குரலில் பாடியதும் அதற்கு ஒரு காரணம். தேர்ந்த பாடகர் குரலில் வராத ஒரு நடுக்கம் அதில் இருக்கிறது.

நமக்கு இது அந்நியமும் இல்லை. இந்தியாவில் தியேட்டரில் ஒரு இந்திப் படம் பார்த்தது தனக்குத் தூண்டுதலாக இருந்தது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். 1998-இல் வந்த 'சைனா கேட்' படத்தின் 'சம்மா சம்மா' பாட்டு இதற்குள் ஒலிக்கும். அதோடு, பாட்டையும் செட்டையும் நம்பிப் படம் எடுத்த ஊர் இது. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியின் நுழைவு வளைவு, அந்தக் கம்பெனிதான் 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கொடுத்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு, டி.ஆர்.சுந்தரம் இயக்கம், 'கேவா கலர்' வண்ண ஃபிலிம். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-இல் வந்ததும் அதே கம்பெனியிலிருந்துதான். நல்ல பிரிண்ட் கிடைத்தால் 'அலிபாபா'வையும் நம் திரையில் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் 'மூலான் ரூஜ்' பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் டிவி கோளாறு என்று போன் செய்ய வேண்டாம். படத்தின் அகலம் உயரத்தைப்போல் கிட்டத்தட்ட 2.4 மடங்கு, டிவியின் அகலம் 1.78 மடங்குதான். பட்டையை மறைக்க 'ஜூம்' போட்டால் ஓரத்தில் ஆடுகிறவர்கள் வெட்டுப்படுவார்கள். மெனுவில் 'மோஷன் ஸ்மூத்திங்' போன்ற பெயரில் இருப்பதை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்துக்கு டிவி தானாக நடுவில் ஃபிரேம்களைச் செருகினால் சினிமா சீரியல்போல் ஆகிவிடும். ஆரம்பத்தில் காட்சிகள் மின்னல் வேகத்தில் வெட்டப்பட்டிருக்கும், தலை சுற்றுகிற மாதிரி இருக்கும். யானைக் காட்சி வரை பொறுத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஏற்காட்டில் விடுதி நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கண்ணாடி ஜன்னல் வைத்த ஹாலில் பகலில் எவ்வளவு விலையுயர்ந்த புரொஜெக்டர் போட்டாலும் வெளிறித்தான் தெரியும். முதலில் கனத்த திரைச்சீலை, பிறகு புரொஜெக்டர். மலை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், அதனால் மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைக்காதீர்கள்.

சண்டைப் படம் கேட்கிறவர்களுக்கு அதையும் போட்டுக் காட்டுவோம், தடை ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் யானைக் காட்சியை மட்டும் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டுப் படம் பென் டிரைவில் இருந்தால் கொண்டுவாருங்கள், அதே செட்டிங்கில் ஓட்டுவோம். ஏற்கெனவே நம்மிடம் வாங்கியவர்கள் வீட்டில் டிவி இன்னும் 'விவிட்' மோடிலேயே இருந்தால் சொல்லுங்கள், பையனை அனுப்பி மாற்றித் தருகிறோம். அதற்குக் காசு இல்லை.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்,
சேலம்